உள்ளது உள்ளபடி

வியாபாரிக்குப் பணம் மட்டும் முதலன்று, நாணயமும் முதலே. பணம் போனால் மீண்டும் தேடிக் கொள்ளலாம். நாணயம் போனால் தேடினாலும் கிடைப்பதரிது. இதை அறியாதார் நம்மில் எவருமில்லை. ஆயினும், "பழைய பொருள், இருக்கிற நிலையில் விற்கிறேன், விருப்பமானால் வாங்கிக் கொள்" என்று சொல்லிவிட்டால் விற்பவனின் கடமை தீர்ந்துவிடுகிறதா என்று கேட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்கவே செய்வர். அக்கேள்வியை ஒரு பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிளை முன்வைத்து ஆராய்வோம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1903-ஆம் ஆண்டு தோன்றிய ஹார்லி-டேவிட்சன் கம்பெனி நெடும் பயணத்துக்கென்று செய்த வண்டிகளில் 'எலக்ட்ரா கிளைடு' பெயர் பெற்றது. அவற்றுள் முதலாவதாக வந்த 1965-ஆம் ஆண்டு வண்டிக்குத் தனி மதிப்புண்டு. 1948 முதல் செய்யப்பட்டு வந்த 'பான்ஹெட்' எஞ்சினுக்கு அதுவே கடைசி ஆண்டு. பொத்தானை அழுத்தியே எஞ்சினைக் கிளப்பும் வசதி அந்தப் பெரிய வண்டிக்கு வந்ததும் அவ்வாண்டில்தான். இரண்டும் ஒருங்கே அமைந்தது அந்த ஓராண்டு வண்டியில் மட்டுமே. ஆகையால் பழம்பொருள் சேகரிப்போர் அதை விரும்பித் தேடுகின்றனர்.

விலை ஏறும் இடத்தில் சூதும் ஏறும். 1970-க்கு முன்பு அக்கம்பெனி வண்டியின் எண்ணை எஞ்சினில் மட்டுமே பொறித்தது, பிரேமில் பொறிக்கவில்லை. எஞ்சின் கூட்டின் இரு பாதிகளுக்கும் அடியில் வேறோர் எண்ணும் உண்டு. இரண்டும் ஒத்திருந்தால் அவை தொழிற்சாலையிலிருந்தே ஜோடியாக வந்தவை. ஒத்திராவிட்டால் ஒரு பாதி பின்னர் மாற்றப்பட்டது என்று சந்தேகிக்க வேண்டும். குனிந்து அடியைப் பார்த்தாலன்றி இது விளங்காது. மேலே பளபளக்கும் வண்ணப் பூச்சு இதைச் சொல்லாது.

"உள்ளது உள்ளபடி" என்று எழுதி விற்றால், பொருளின் தரத்துக்குச் சட்டம் தானாகச் சுமத்தும் பொறுப்பிலிருந்து விற்பவர் விலகிக்கொள்ள அமெரிக்காவின் பல மாநிலங்கள் இடமளிக்கின்றன. பொய் சொல்லி ஏமாற்றியவரை அச்சொல் காப்பாற்றாது. சரி, பொய்யும் சொல்லாமல், குறையையும் சொல்லாமல் வாய் மூடி நின்றவர் குற்றமற்றவரா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அந்த வியாபாரி பொய் சொன்னதாக ஹதீஸில் இல்லை. மழையைப் பெய்வித்தவரும் அவரல்லர். குறை அடியில் இருந்தது. காய்ந்தது மேலே இருந்தது. அவ்வளவே.

"குறைகளுக்கு நான் பொறுப்பல்ல" என்னும் நிபந்தனையை ஹனஃபீ மத்ஹபு ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படியோ, விற்பவர் அறியாததும் கால்நடையின் உள்ளே மறைந்திருப்பதுமான குறைக்கன்றி அது செல்லாது. ஆனால் அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. "பார்த்தால்தானே தெரியும், தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்" என்று அடியைக் குனிந்தே பாராமல் விற்பது. அறியாமை வேறு, அறிய மறுப்பது வேறு. சந்தேகம் தட்டிய பிறகு கண்ணை மூடிக்கொள்பவர் மனிதரிடம் தப்பலாம். உள்ளத்தை அறிந்தவனிடம் தப்ப முடியுமா? ஒன்று, அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றேல், "எனக்குச் சந்தேகமுண்டு, நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்து விலை பேசுங்கள்" என்றாவது சொல்ல வேண்டும்.

சொன்னால் விலை குறையுமே என்பர். குறையத்தான் செய்யும். ஆனால் பாதி மாற்றப்பட்ட எஞ்சினுக்கு, முழுதும் அசலான எஞ்சினின் விலை எப்போது நமக்குச் சொந்தமாயிற்று? நம்முடையதல்லாததை இழப்பது நஷ்டமாகாது. கூஃபாவில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில், குறையுள்ள துணியைக் கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டபோது, வாங்கியவர் இன்னாரென்று தெரியாமையால் அந்த விற்பனைப் பணத்தை அவர்கள் தர்மம் செய்துவிட்டதாகக் கூறப்படுகிறது. மறதிக்கே அவ்வளவு என்றால், மௌனத்துக்கு எவ்வளவு!

உள்ளதை உள்ளபடி விற்பது எளிது. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே வியாபாரம். மோட்டார் சைக்கிளாயினும் சரி, மூட்டை அரிசியாயினும் சரி, துணிக் கட்டாயினும் சரி, அடியில் இருப்பதை மேலே எடுத்து வைப்போம். அதில்தான் பரக்கத் உண்டு. அத்தகைய வியாபாரத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.