அறியாது செய்யும் பாகுபாடு குற்றமாகுமா?

“என் வகுப்பில் அனைவரும் எனக்கு ஒன்றே” என்று கூறாத ஆசிரியர் இலர். நானும் அவ்வாறே கூறி வந்தவள். உள்ளத்தில் வெறுப்பின்றி, அறியாமற் செய்யும் பாகுபாடு குற்றமாகுமா என்னும் வினாவை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில் இவ்வினா நெடுநாள் ஆராயப்பட்டுள்ளது. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் அரசுப் பள்ளிகளில் பிரித்து வைத்தல் முறையன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. ஆனால் பள்ளிகளை இணைத்தபோது, தென் மாநிலங்களில் கறுப்பின ஆசிரியர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவ்விழப்பு எத்தகையது என்பதை வட கரோலினா மாநிலத்தைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று உணர்த்துகிறது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள காலத்தில் ஓராண்டேனும் கறுப்பின ஆசிரியரிடம் பயின்ற ஏழைக் கறுப்பினச் சிறுவரிடையே, பின்னாளில் படிப்பை இடையில் நிறுத்துவது வெகுவாகக் குறைந்திருந்தது.

மைரா சாட்கர், டேவிட் சாட்கர் தம்பதியர் வகுப்பறைகளில் பல்லாண்டு கண்டவற்றை 1994-இல் நூலாக்கினர். கையுயர்த்தாமல் விடை கூவிய சிறுவனுக்கு ஆசிரியர் செவிசாய்த்தார். அதையே செய்த சிறுமிக்கோ, கையுயர்த்திப் பேசும்படி அறிவுரை கிடைத்தது. தாம் அவ்வாறு நடப்பதை ஆசிரியர் உணரவேயில்லை.

இதை அறிந்தபின், நான் மாதிரிப் பாடம் நடத்துகையில், யாரிடம் எத்தனை வினா கேட்கிறேன் என்று குறிக்குமாறு பயிற்சி மாணவி ஒருத்தியைப் பணித்தேன். கணக்குப் பாடம் முடிந்ததும் அவள் தயங்கியவாறே தாளை நீட்டினாள். 20 வினாக்களுள் 15 சிறுவர்க்குச் சென்றிருந்தன. வகுப்பில் சிறுமியரே மிகுதி. பெண்ணாகிய நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

என் நோக்கம் தூயது எனலாம். ஆயினும், விடை தெரிந்தும் அழைக்கப்படாத சிறுமியின் இழப்பு அதனால் குறையுமோ? அறியாமை பொறுக்கத்தக்கது, அறிய வழியிருந்தும் முயலாமையே குற்றம் என்பது என் துணிபு.

திருந்தும் வழி எளியது. வினா எழுப்பிய ஆசிரியர் ஒரு நொடியளவே காத்திருக்கின்றனர் என்றும், மூன்று நொடி பொறுத்தால் தயங்கும் மாணவரும் வாய் திறப்பர் என்றும் மேரி பட் ரோ என்னும் அறிஞர் கண்டறிந்தார். அன்றுமுதல் நான் மனத்துள் மூன்று எண்ணிய பின்னரே பெயர் சொல்லி அழைத்தேன். பின்வரிசைச் சிறுமியர் பலரின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இல்லத்திலும் கணக்கு வினாவை மகனிடமும், அடுக்களை வேலையை மகளிடமும் நம்மையறியாமலே பகிர்ந்தளிக்கிறோம். பெற்றோரும் ஒருநாள் எண்ணிப் பார்த்தல் நலம்.