சிவப்பு விளக்கில் நிற்பது பைத்தியமா?



வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின்பு ஒரு வாலிப சகோதரன் என்னிடத்தில் வந்து ஒரு கேள்வி கேட்டான். பைக்கில் வீடுவீடாய்ச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிற பிள்ளை. "பாஸ்டர், ராத்திரி பதினோரு மணிக்கு சிக்னல்ல சிவப்பு விழுது. எல்லாரும் நிக்காம போறாங்க. நான் நின்னா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுக் கெட்ட வார்த்தை பேசறான். நான் ஒருத்தன் மட்டும் நிக்கிறதால என்ன ஆகப்போகுது? இது நீதியா, பைத்தியக்காரத்தனமா?" என்றான்.

"சட்டம்னா சட்டம்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு மனதில்லை. ஏனென்றால் நம்முடைய ரோட்டிலே எழுதின சட்டம் ஒன்று, எழுதாத சட்டம் ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள். பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், தண்ணீர்க் கேன் ஏற்றின மூன்று சக்கரச் சைக்கிள், எல்லாம் ஒரே ஓட்டமாய்ப் போகும். கோடு போட்டிருக்கிறது, ஆனால் கோட்டுக்குள் யாரும் இல்லை. அப்படியிருந்தும் ஒருவரையொருவர் இடிக்காமல் பெரும்பாலும் வீடு போய்ச் சேருகிறோமே, எப்படி? முன்னால் போகிறவனை நீ பார்த்துக்கொள், உன் பின்னால் வருகிறவன் உன்னைப் பார்த்துக்கொள்ளுவான் என்கிற ஒரு பேசாத ஒப்பந்தம் இருக்கிறபடியால்தான்.

ஹாரனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிதேசங்களில் அது வசவு. இங்கே பாதி நேரம் "அண்ணே, நான் இங்க இருக்கேன்" என்று சொல்லுகிற பேச்சு. லாரிக்காரரே முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிவைத்து நம்மை அடிக்கச் சொல்லுகிறார்! ஹெட்லைட்டை இரண்டு தரம் மின்னினால் இங்கிலாந்தில் பெரும்பாலும் "நீ முதலில் போ" என்று அர்த்தமாம். நம்ம ஊரிலோ "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். இப்படிப்பட்ட வழக்கங்களைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரோடு ஒத்துப்போகிறதுதான். மஞ்சள் விழுந்தவுடனே, பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறதென்று தெரிந்தும் சடக்கென்று பிரேக் போடுகிறவனை நீதிமான் என்றும் சொல்லமாட்டேன். அவன் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாய் ஒதுங்கி வந்து நிற்கவேண்டும்.

ஆனால் சிவப்பு விளக்கு வேறே காரியம். அதை ஒரு போலீஸ்காரருக்கும் நமக்கும் உள்ள விவகாரமாகவே நாம் நினைக்கிறோம். போலீஸ் இல்லையென்றால் விவகாரமும் இல்லை! அப்படியல்ல. குறுக்குத் தெருவில் வருகிற ஒருவருக்கு, "நீங்க வரலாம், யாரும் இடிக்கமாட்டாங்க" என்று ஊரே சேர்ந்து கொடுக்கிற வாக்கு அது. இப்போது எல்லாரும் அதை மீறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். யாருக்கு ஆபத்து? மீறுகிறவனுக்கு ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று தெரியும், அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போவான். பச்சையை நம்பி வருகிறவன்தான் அடிபடுவான். கிராமத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்த பாட்டி, டியூஷன் விட்டு வருகிற பெண்பிள்ளை, புதிதாய் வண்டி ஓட்டப் பழகினவர்... விளக்கை இன்னும் விசுவாசிக்கிறவர்கள் இவர்கள். ஆகையால் "எல்லாரும் மீறுறாங்க, நான் ஏன் நிக்கணும்" என்பதற்கு என் பதில் இதுதான்: எல்லாரும் மீறுகிறபடியால்தான் நிற்கவேண்டும். நீ நிற்கிற அந்த ஒரு நிமிஷம், அந்தப் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு உன் பக்கத்திலாவது பொய்யாகாமல் இருக்கிறது.

இதைச் சும்மா உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. 2022-ம் வருஷம் நம் தேசத்தில் சாலை விபத்தில் மரித்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு சொல்லுகிறது. ஒரு நாளைக்கு 460 பேருக்கும் மேல். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். வண்டியே ஓட்டாதவர்! அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. பத்துக் கிலோமீட்டரை நாற்பதில் போனால் 15 நிமிஷம், ஐம்பதில் போனால் 12 நிமிஷம். மிச்சம் மூன்று நிமிஷம்தான். ஆனால் அறுபதில் போகிற வண்டி ஒரு விநாடிக்குள் 16 மீட்டர் தாண்டிவிடும். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளே அவ்வளவு தூரம்! வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும். இது பெளதிகம். ஜெபித்து மாற்றுகிற காரியமல்ல.

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைக்குறித்து ஒரு நியாயம் இருக்கிறது. தெரியாமல் ஒருநாள் முட்டிக் கொன்றுபோட்டால் மாட்டுக்காரன் மேல் குற்றமில்லை. அது முட்டுகிற மாடு என்று முன்னமே அவனுக்குச் சொல்லியிருந்தும் அவன் கட்டிவைக்காமற்போனால், இரத்தப்பழி அவன்மேல். நம்ம வீட்டு வாசலில் நிற்கிற பைக்கும் காரும் முட்டும் என்று நமக்கு யாராவது சொல்லவில்லையா? தினமும் பேப்பரில் போடுகிறார்களே! "கர்த்தர் என்னைக் காப்பார்" என்கிற விசுவாசம் நல்லதுதான். அடிபடப்போகிறவருக்கு அதினால் என்ன ஆறுதல்?

அந்த வாலிபன் இன்னொன்றும் சொன்னான். "ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் கட்டுறாங்க பாஸ்டர். லேட்டானா கஸ்டமர் கத்துவாங்க. ஸ்டார் குறைஞ்சா ஆர்டர் குறையும்." இதற்கு அவனுக்கு நான் பிரசங்கம் பண்ணவில்லை. இந்தப் பாரம் அவனுடையது மாத்திரமல்ல. வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் பிரியாணி சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் தாமதமானால் பொங்குகிறோமே, அவன் கை முறுக்குகிற ஆக்சிலேட்டரில் நம்ம கையும் இருக்கிறது. சகோதரிகளே, அடுத்த தரம் அந்தப் பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது "பரவாயில்லப்பா, மெதுவா போ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் விஷயமும் எழுதவேண்டும். வழிவிடாதவர்களுக்கு 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் ரூ.10,000 வரை அபராதம் உண்டு. நம்ம ஜனங்கள் வழிவிடத்தான் செய்கிறார்கள். ஆனால் வழிவிட்ட கையோடு அதின் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு பைக் பறக்கிறதே, யாரோ ஒருவருடைய மரண அவஸ்தையைக் குறுக்குவழியாக்குகிற அந்தக் காரியத்தை மட்டும் என்னால் சகிக்கமுடியவில்லை.

அடிபட்டுக் கிடக்கிறவரைத் தொட்டால் கோர்ட்டுக்கு அலையவேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்காகவும் சொல்லுகிறேன். உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிற நெறிமுறைகளை 2016-ல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தினது. 2019-ல் அது சட்டத்திலேயே வந்துவிட்டது, பிரிவு 134ஏ. நீங்கள் பெயர்கூடச் சொல்லவேண்டியதில்லை, கட்டாயப்படுத்த முடியாது. உதவுகிறவருக்குச் சட்டம் கொடுத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியன்'! எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற ரோட்டில் நடந்தது டில்லிச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 108-க்கு போன் பண்ணிவிட்டு, வண்டி வருமட்டும் பக்கத்தில் நில்லுங்கள். கூட்டம் போட்டு வீடியோ எடுக்கிறவர்களோடு நிற்காதிருங்கள்.

யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற ஜாமக்காரன், தூரத்தில் வருகிறது யெகூ என்று அவன் ரதம் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தே கண்டுகொண்டான். முகம் தெரியவேண்டியிருக்கவில்லை. நம்முடைய வண்டிகளிலோ வசன ஸ்டிக்கர் வேறே ஒட்டியிருக்கிறது. யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதென்று ராங் சைடில் ஏறி வரும்போது, எதிரே வருகிறவர் அந்த வசனத்தைத்தான் முதலாவது வாசிக்கிறார்.

கடைசியாக, நம்ம தெரு. எதிர்வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளுகிற ஒரு தாயார் இருக்கிறார்கள், எந்த நேரத்திலும் ஆட்டோ உள்ளே வரவேண்டியிருக்கும். தெருமுனையிலுள்ள காலி மனையின் சொந்தக்காரரிடம் பேசியாகிவிட்டது. வருகிற ஞாயிறு முதல் ஆராதனைக்கு வருகிற எல்லா வண்டிகளும் அங்கேதான் நிற்கும். வயதானவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை அங்கே கொண்டுபோங்கள். இரண்டு வாலிபர் நின்று வழிகாட்டுவார்கள். பாட்டு ஆரம்பித்தபிறகு வருகிறவர்களுக்கும் இதே இடம்தான்.