கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா?



நானும் என் நண்பனும் நாலு வருடத்துக்கு முன் போர்ட்டிக்சனில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம். 26 அடி நீளம், ஃபைபர்கிளாஸ். ஆளுக்குப் பாதிப் பணம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்தே காசை எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இந்த மாதிரிப் படகுகள் பலவற்றில் மேல்தளம் ஒரே கட்டியாக இருக்காது. மேலேயும் கீழேயும் மெல்லிய ஃபைபர்கிளாஸ், நடுவில் லேசான பால்சா மரம். சாண்ட்விச் மாதிரிதான். கைப்பிடிக் கம்பிகளைப் பொருத்திய திருகுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால், நடுவில் உள்ள மரம் மக்கிப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காசை எடுத்துத் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். மக்கிய இடம் 'பொத் பொத்' என்று மங்கலாகக் கேட்கும்; காலால் அழுத்தினால் அமுங்கும். எங்கள் படகில் பாய்மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு முழ அகலத்துக்கு அப்படி இருந்தது.

அடிப்பாகம் பரவாயில்லை. கரையேற்றிப் பார்த்தபோது நாலைந்து கொப்புளங்கள் இருந்தன. வெளிப்பூச்சு வழியாக நீர் மெல்ல ஊறி உள்ளே தேங்குவதால் வருபவை அவை. குத்தினால் வினிகர் வாடை அடிக்கும். ஆனால் படகின் அடியில் பாரமாகத் தொங்கும் கீல், உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இல்லை. அது பெரிய நிம்மதி.

போன வருடம் படகை விற்க முடிவு செய்தோம். விலை 12,000 ரிங்கிட். நண்பன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்: "கேட்டா சொல்லு. கேக்கலேன்னா நீயா வாயத் திறக்காதே. நமக்கு மட்டும் யாரு சொன்னா?"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வாங்குகிறவருக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது. சர்வேயரை அழைத்து வரலாம். விற்கிறவனே எல்லாக் குறையையும் சொல்ல வேண்டுமென்றால் சந்தையில் வியாபாரம் நடக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அண்ணன் தன் மகளோடு வந்தார். பாயை விரித்துப் பார்த்தார், இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். மேல்தளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாய்மரத்தை நோக்கி வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? மக்கிய இடத்தின் மேல் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

யாரும் என்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. 'நான் பொய் சொல்லலியே' என்று மனசு சமாதானம் சொன்னது. ஆனால் வாய் சும்மா இருந்தபோது கால் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பிள்ளை துள்ளிக்கொண்டு என் பக்கம் ஓடி வந்தது. நான் நகர்ந்தேன். பையிலிருந்து 20 சென் காசை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "அண்ணே, இங்க தட்டிப் பாருங்க."

தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். கடைசியில் 8,500 ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். 17-ஆவது பிரிவு, வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. ஏலத்தில் குறையுள்ள குதிரையை விற்பவன் வாய் திறக்காவிட்டாலும் அது மோசடி இல்லையாம். ஆனால் வாங்குவது அவனுடைய மகள், அதுவும் இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால், சொல்வது அவன் கடமை. தெரிந்ததை மறைக்க ஒரு காரியம் செய்தால் அது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது.

சட்டம் அந்த அளவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நாம்தான் யோசிக்க வேண்டும். சொந்த மகளுக்குச் சொல்வேன் என்றால், அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கே தெரியும். அப்புறம் இன்னொருவர் மகளுக்குச் சொல்லாமல் விட என்ன காரணம் சொல்வேன்? 'அவள் எனக்கு யாரோ' என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குறைந்த 3,500-இல் பாதி நண்பனுடைய பணம். அவனைக் கேட்காமல் அவன் காசில் நான் நல்லவனாகிவிட்டேன். அதனால் 1,750 ரிங்கிட்டை என் கையிலிருந்து கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான், இரண்டு மாதம் பேசவில்லை. அவன் கோபம் தப்பு என்று இன்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நீங்கள் படகு வாங்காமல் இருக்கலாம். பழைய மோட்டார் சைக்கிளோ கைப்பேசியோ வாங்குவீர்கள், ஒரு நாள் விற்பீர்கள். வாங்கும்போது கூச்சப்படாமல் தட்டிப் பாருங்கள். விற்கும்போது உங்கள் கால் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.