வளர்ப்பு நாயின் மூர்க்கமும் வளர்ப்போரின் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

நன்றியுள்ள பிராணி என்று நாயைப் போற்றும் நாமே, பிறரை இழித்துரைக்க அதன் பெயரை வசைச்சொல்லாகவும் கொள்கின்றோம். இம்முரண்பாட்டின் அடியில் அறவியல் வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. மனிதன் தன் தேவைக்கெனப் பழக்கிய விலங்கு பிறருக்குத் தீங்கு விளைக்குமாயின், அத்தீங்கு யாரைச் சாரும்?

கொள்ளுப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் எமது உறவினர் வளர்த்த அல்சேசன் நாயே இவ்வினாவை என்னுள் எழுப்பியது. குட்டியாயிருந்தபோது அது பாய்ந்து விளையாடுவதைக் கண்டு யாவரும் மகிழ்ந்தனர். வளர்ந்தபின் அதே பாய்ச்சல் கீழ்ப்படியாமை எனப்பட்டது. உணவுத் தட்டை நெருங்கியோரை நோக்கி உறுமியபோது வீட்டார் விலகிச் சென்றனர். ‘நல்ல காவல்’ என அயலார் பாராட்டினர். ஒருநாள் அவ்வீட்டில் வேலைசெய்த பெண்ணின் கையை அது கடித்துக் குதறிற்று. விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்காக அவள் மருத்துவமனைக்குப் பன்முறை சென்றாள். நாயை என்ன செய்வதென வீட்டார் கூடி ஆராய்ந்தனர். அவளது கருத்தை எவரும் கேட்டிலர்.

2024 மே மாதத்தில், சென்னை மாநகராட்சிப் பூங்காவொன்றில் ரொட்வைலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைத் தாக்கிப் படுகாயப்படுத்தின. அவள் பூங்காக் காவலாளியின் மகள். நாயின் அன்பை நுகர்பவர் ஒருவர். அதன் பல்லுக்கு இரையாகுபவர் வேறொருவர். பிரச்சினையின் உயிர்நிலை இதுவே.

குற்றத்தை இனத்தின்மீது சுமத்துவோர் உளர். பிரித்தானியா 1991இல் சில நாயினங்களைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் இருபத்துமூன்று இனங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. பேருடல் நாயின் கடி பெருங்காயம் விளைக்கும் என்பது மெய்யே. ஆயின் அவ்வலிமையை விரும்பித் தேர்ந்தவன் மனிதனன்றோ?

அடித்து அடக்கினால் நாய் நம் தலைமையை ஏற்கும் என்பார் வேறு சிலர். 1947இல் ஷென்கெல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு இக்கருத்துக்கு ஊற்றாயிற்று. ஆனால் அவர் கண்டவை அடைப்பில் வாழ்ந்த ஓநாய்களே. காட்டில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்பதை மெக் 1999இல் தெளிவாக்கினார். மேலும், உறுமல் என்பது எச்சரிக்கை. உறுமியதற்காக அடிக்கப்பட்ட நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன், தன் மகனின் தேர்ச்சில்லிற்பட்டு கன்று இறந்தமைக்காக மகனையே தண்டித்தான் என மகாவம்சம் கூறும். அவன் தேரையோ குதிரையையோ குற்றங்கூறவில்லை. நாய் தேரன்று, அதற்கு விருப்பு வெறுப்பு உண்டே என வினவலாம். உண்டு, ஆனால் விளைவை முன்னுணர்ந்து தன்னைத் தடுக்கும் அறவுணர்வை அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. முன்னுணரும் ஆற்றல் யாரிடம் உண்டோ, அவரையே பொறுப்பும் சாரும். முதல் உறுமலைக் கேட்டவர்கள் ‘தெரியாது’ எனல் பொருந்தாது.

எனவே வளர்ப்போனுக்குக் கடமை இரண்டு. முதலாவது, அபாயத்தைத் தேர்ந்துகொள்ளாத மனிதர்க்குரியது: கயிறு, வாய்க்கூடு, பூட்டிய படலை என்பன அக்கடமையின் வடிவங்கள். இரண்டாவது நாய்க்குரியது: மறைந்த நோவு உண்டோவென மிருக வைத்தியரிடம் அறிதலும், பொறுமையோடு பழக்குதலும். இவையாவும் பயனளியாதவிடத்து நோவற்ற மரணம் தவிர்க்கவியலாததாகலாம். அது நாய்க்கு விதிக்கும் தண்டனையன்று. நமது தோல்வியின் விலையை அது செலுத்துவதாகும்.

எமது உறவினர் இவற்றுள் எதனையும் செய்திலர். நாயை வெளியூரில் ஒருவருக்குக் கொடுத்தனர். அது கடித்த செய்தியைச் சொன்னீர்களா என்று கேட்டேன். ‘சொன்னால் யார் தம்பி வாங்குவார்கள்?’ என்றனர். கீழ்ப்படியாமை நாயிடம் மட்டுமே இருந்ததென அன்றுமுதல் என்னால் எண்ண முடியவில்லை.