பெல்லுக்கு ஒரு ரப்பர்

சைக்கிள் பெல்லின் கிண்ணத்தைச் சுற்றிப் பழைய ட்யூப் ரப்பரை வளையமாக வெட்டி மாட்டியிருந்தான். விரலால் அழுத்திப் பார்த்தேன். 'டொக்' என்றது, அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் மாலையில் சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்ள வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளில் அவன் நல்ல கைக்காரன். அன்று ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். பிரேக் கட்டை ரிம்மை உரசாமல், ஆனால் பிடித்ததும் கவ்வும்படி வைத்திருந்தான். செயின் தொய்வும் அளவாக இருந்தது. பெல் மட்டும் இப்படி.

"என்னடா இது?"

"சும்மாதான் சார்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியதோ என்னவோ. நான் அடுத்த வண்டிக்குப் போனேன்.

அந்த ரப்பர்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பிய்த்துச் சுற்றியதல்ல. கத்தரியால் பிசிறில்லாமல் வெட்டியது. பஞ்சர் ஒட்டும்போது ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டச் சொல்வேன். மூலை இருந்தால் அங்கிருந்துதான் பெயரும். அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவன் வெட்டிய ரப்பர் அது.

காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். விடியற்காலையில் பேப்பர் போடுகிற பையன்கள் எங்கள் வகுப்பில் உண்டு. குழியில் வண்டி இறங்கினால் பெல் தானாகக் கிணுகிணுக்கும், அந்த எரிச்சலிலும் செய்திருக்கலாம். ஆனால் அவன் எந்த ஊரிலிருந்து வருகிறான், வழியில் எந்தத் தெருவைக் கடக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதனால் என் புத்தி அங்கேயே போய் நிற்கிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக் களத்துவேலைக்கு ஒருவர் சைக்கிளில் வருவார். தெருமுனை வரை மிதித்து வருவார், அங்கே இறங்கிவிடுவார், தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் ஏறுவார். வண்டி தினமும் பஞ்சராகிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஓடிப்போய் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "காத்து நல்லாத்தானே இருக்கு, ஏறிப் போ" என்றேன். எனக்கு ஏழெட்டு வயது, அவருக்கு என் தாத்தா வயது. பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஒருமையில்தான் பேசுவேன். அவர் சிரித்தார். திண்ணையிலிருந்த அப்பத்தா, "உள்ள வாடா" என்றாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தந்ததைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதை எப்போதோ படித்தேன். அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். கல்குவாரிப் பெண்களெல்லாம் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகப் போன காட்சி அதில் வரும். மற்றதெல்லாம் மங்கிவிட்டது, அத்தனை பேரும் மணியடித்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் நிற்கிறது. யாரையும் வழி விலகச் சொல்லி அடித்த மணியாக எனக்கு அது படவில்லை. நாங்கள் போகிறோம் என்று ஊருக்குச் சொன்ன மணி.

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டமும் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் தொடங்கியது. 2005-06-ல்தான் மற்றவர்களுக்கும் விரிந்தது. இன்று ஒரே மாதிரி வண்டிகள் வரிசையாக எங்கள் பள்ளியில் நிற்கின்றன. அதைப் பார்க்கும்போது எல்லாம் மாறிவிட்டது என்று நம்பத்தான் ஆசை. மாறியும்தான் இருக்கிறது. அந்தப் பையன் இறங்கித் தள்ளுவதில்லை, ஓட்டிக்கொண்டுதான் போகிறான்.

காரணம் உள்ளதைச் சொல்லித்தருவது சுலபம். இடது பெடல் வழக்கமான நட்டுகளுக்கு நேர்மாறாக, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் மலரும், உடனே ஸ்பேனரை எடுத்துச் சோதிப்பார்கள். சாலைப் பாதுகாப்பும் அப்படித்தான்: இடப்பக்கம் போ, மூன்று பேர் சேர்ந்தாற்போல் போகாதே, திரும்புமுன் கை காட்டு, வளைவில் பெல் அடி. லாரியையும் பஸ்ஸையும் மனதில் வைத்துச் சொல்லும் பாடம் இது. தெருவே ஆபத்தாக இருந்தால் பெல் அடிக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்போ? அப்படியானால், என்னைவிட அவன்தான் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன். இதை ஏற்றுக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. வளைவில் எதிரே வரும் வண்டிக்கு இவன் தெருக்கதை தெரியாது.

ரப்பரைக் கழற்று என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கழற்றுவான், பள்ளி கேட்டைத் தாண்டியதும் மாட்டிக்கொள்வான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்டால் அவன் ஏதாவது சொல்ல வேண்டிவரும். பேப்பர் போடுகிறேன் சார் என்றால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே நம்பிவிடுவேன். வேறு எதையாவது சொன்னால் நான் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும், அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் இருப்பது அவன் கூச்சத்துக்காகவா, என் சொந்தக்காரர்களுக்காகவா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நேரம் அதுவாகப் படுகிறது, ஒரு நேரம் இதுவாக.