கால்களும் மனிதனும்

உழைப்பை ஏற்றுக்கொள்ளும் ஊர், உழைக்க வந்த மனிதனையும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளதா? பேசிய கூலியைக் குறைவின்றிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வாழும் நமக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் வினா. விடை தேடும் நமக்கு, 1936-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ மாநகரில் கால்பந்து ஆடிய ஒரு முஸ்லிமின் வரலாறு துணை செய்யும்.

முகம்மது சலீம் கல்கத்தாவைச் சேர்ந்தவர். 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் ஆட்டக்காரர். உறவினர் ஒருவரின் தூண்டுதலால் ஸ்காட்லாந்து சென்ற அவருக்குப் புகழ்பெற்ற செல்டிக் சங்கத்தின் மேலாளர் வில்லி மேலி, சோதனை ஆட்டத்தில் வாய்ப்பளித்தார். சலீமோ காலணி அணியாதவர். சங்கத்தின் ஜிம்மி மெக்மெனமி அவருடைய பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. நம்மை ஆண்டவர்களின் நாட்டில், ஒரு வெள்ளையர் ஓர் இந்தியரின் பாதங்களைப் பேணிய காட்சி அது!

செல்டிக்கின் இரண்டாம் அணியில் அவர் ஆடினார். கால்ஸ்டன் அணியை 7-1 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தில் அவருடைய திறமை காண்போரை மயக்கியது. மறுநாள் ஏடு ஒன்று அவரை 'இந்திய வித்தைக்காரர்' என்று கொண்டாடியது. எனினும் சில திங்கள்களுக்குள் ஊர் நினைவு அவரை வாட்டிற்று, தாயகம் திரும்பிவிட்டார்.

இதனைத் தோல்வி என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 'வித்தைக்காரர்' என்ற புகழுரை கால்களுக்கு உரியது. அக்கால்களுக்கு மேலே இருந்த நெஞ்சம் எதை நாடியது என்பதை அது அறியாது. ஊர் ஏக்கத்தை எந்தச் சங்கமும் போக்கிவிட இயலாது என்பது மெய்யே. அப்படியானால் வரவேற்கும் ஊரின் கடமைதான் யாது?

பிற்காலத்தில் சலீம் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன், மருத்துவத்திற்கு உதவி வேண்டிச் செல்டிக்கிற்குக் கடிதம் எழுதினார். நூறு பவுனுக்கான காசோலை வந்தது. மகன் அதை மாற்றிப் பணமாக்கவில்லை. தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்பதை அறியவே எழுதியதாக அவர் கூறினார். அக்காசோலையைப் பாதுகாத்து வைத்துக்கொண்டார். கூலியால் தீராத கடன் ஒன்று உண்டென்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆளை அறிதலும், போன பின்னும் அவனை மறவாதிருத்தலுமே அக்கடன்.

இஸ்லாம் இதனை நன்கு அறிந்திருக்கிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகளோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். வந்தவர்க்கு உணவும் உறைவிடமும் போதுமென்று எண்ணியிருந்தால் உறவு எதற்கு? ஜகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராயினும், வழியில் கையற்று நின்றால் அவருக்கு அதில் பங்குண்டு. அந்நியம் என்பதே ஒரு வறுமை என்று மார்க்கம் கருதுவதை இது காட்டுகிறது.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலித்த எல்லையூரில் இன்று வங்காளமும் ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. சலீம் பிறந்த வங்கத்திலிருந்தே இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுடைய கைகளை நம் ஆலைகள் அறியும். நாம் அவர்களை எவ்வாறு அழைக்கிறோம்? 'வடக்கத்தியான்' என்ற ஒரே சொல்லில் ஆயிரம் பெயர்களை அடக்கிவிடுகிறோம். ஜும்ஆவில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரிடம், ஸலாமுக்குப் பின் ஊரும் பெயரும் கேட்காமலே பிரிகிறோம்.

ஆலை தர இயலாத ஒன்றை நாம் தரலாம். அதற்குச் செல்வம் தேவையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்போமாக. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அப்பெயரைச் சொல்லி அவரை அழைப்போமாக.