கலகமா, புரட்சியா?

நான் படித்த காலத்தில் அது 'வேலூர்ச் சிப்பாய்க் கலகம்'. இப்போது பலரும் 'வேலூர்ப் புரட்சி' என்கிறார்கள். நடந்தது ஒன்றுதான். 1806 ஜூலை 10, விடியும் முன்னே, கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் சுட்டார்கள். புதுத் தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை என்று வந்த உத்தரவுகள் ஏற்கெனவே கோபத்தைக் கிளப்பியிருந்தன.

'கலகம்' ஆண்டவர்கள் வைத்த பெயர், தூக்கிப் போடு என்பது சுலபம். எனக்கும் அந்தச் சொல் மேல் பெரிய பாசம் இல்லை. ஆனால் கலகம் செய்ய, முதலில் கட்டுப்பட்டவனாக இருக்கணும். சம்பளம் வாங்கி, விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தவன் எந்த இடத்தில் 'இனி முடியாது' என்கிறான்? 'புரட்சி' என்றதும் அந்தக் கேள்வியே காணாமல் போகிறது. அவன் ஏதோ பிறவிப் போராளி ஆகிவிடுகிறான்.

அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த படை கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். மீட்ட படையில் மதராஸ் குதிரைப்படையின் இந்தியர்களும் உண்டு. அதே கம்பெனிச் சம்பளம், அதே சத்தியம். உள்ளே இருந்தவர்கள் புரட்சியாளர்கள் என்றால் இவர்களைத் துரோகிகள் என்றுதானே சொல்லணும்? எனக்கு நா எழவில்லை. வாக்குத் தவறாதவர்கள் என்று புகழவும் மனசு வரவில்லை.